இரண்டு கட்டை மயிர்ப் பூனைகளுக்குச் சடைக்குட்டி பிறக்குமா? (பஞ்சாயத்துக்கு ஆள் தேவை)

மீனாச்சிவீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருகோணமலை, பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூனை மீனாச்சி மூன்றாவது தடவையாகக் குட்டி போட்டிருக்கிறாள். சாம்பல் வரிப்பூனை, வயிறு வெள்ளை, சாதாரணக் கட்டை மயிர். நான்கு குட்டிகள், இன்றைக்கு ஒன்பது கிழமை.

பிறந்தபோது நான்கும் நனைந்த எலி மாதிரித்தான் கிடந்தன. ஆறாவது கிழமை தாண்டியதும் ஒன்று மட்டும் ஊதத் தொடங்கியது. இப்போது அதன் வால் போத்தல் கழுவுகிற பிரஷ் போல நிற்கிறது. விரல்களுக்கு இடையில் குஞ்சம், பின் தொடையில் பாவாடை கட்டின மாதிரி மயிர். அம்மா பார்த்துவிட்டுப் பஞ்சு என்று பெயர் வைத்துவிட்டார்.

பிரச்சினை இரண்டு வீடு தள்ளி இருக்கிற மாமா. அவர் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பாரசீகக் கடுவன் ஒன்று வைத்திருக்கிறார், பெயர் ராசா. முந்தநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், "கட்டை மயிர்ப் பூனைக்குச் சடை எங்கே இருந்து வரும்? இது என்ர ராசாவின்ர பிள்ளை" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடுவன்காரனுக்கு ஒரு குட்டி கொடுப்பதுதான் முறையாம், அந்த ஒரு குட்டி பஞ்சுவாம். நாங்கள் அவருடைய ராசாவைக் கேட்டா கூப்பிட்டோம்?

பஞ்சு ராசாவின் பிள்ளைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கச்சான்காத்து

பராமரிப்புச் செலவு எப்போது கட்டுவார் என்று மாமாவிடம் கேளுங்கள், ஆள் சத்தமில்லாமல் போய்விடுவார்.

மற்றது, சடை சாப்பாட்டால் வருவது. மீன் சந்தைப் பூனைகளைப் பாருங்கள், எப்படி மினுங்குகின்றன. உங்கள் வீட்டில் அந்தக் குட்டிக்கு மட்டும் யாரோ சூடை மீன் கூடப் போட்டிருக்கிறார்கள்.

உவர்மலைவாத்தி

உயர்தர வகுப்பில் வருடா வருடம் மெண்டலின் பட்டாணியையே படிப்பித்துச் சலித்தவன் நான். பூனை கிடைத்தால் விடுவேனா.

தங்கச்சி, மாமா சொல்வதில் பாதி சரி. சடை சும்மா முளைக்காது. அவர் விட்டுவிட்ட பாதி என்னவென்றால், பூனையில் சடை பின்னிடைவான இயல்பு, கட்டை மயிர் ஆட்சியான இயல்பு. ஒரு குட்டி சடையாக வர, தாயிடமிருந்து ஒரு சடை எதிருரு (பரம்பரை அலகின் ஒரு வடிவம்), தகப்பனிடமிருந்து ஒரு சடை எதிருரு, இரண்டும் வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் பூனை கட்டை மயிரோடேயே வாழ்ந்து முடித்துவிடும், உள்ளே இன்னொன்று கிடப்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே பஞ்சுவின் தகப்பன் எவனாக இருந்தாலும் சரி, மீனாச்சி சடையை ஒளித்து வைத்திருப்பவள் என்பது உறுதி. "கட்டை மயிர்ப் பூனைக்குச் சடை எங்கே இருந்து வரும்" என்று மாமா கேட்டாரே, பாதி மீனாச்சியிடமிருந்துதான் வந்தது என்று சொல்லுங்கள்.

மீதிப் பாதிக்கு இரண்டு வழி இருக்கிறது. தகப்பன் ராசா போல முழுச் சடையாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் சடை வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மீனாச்சியைப் போலவே ஒளித்து வைத்திருக்கும் கட்டை மயிர்த் தெருக் கடுவன் என்றால் நாலில் ஒன்று. நான்கு குட்டியில் ஒன்று சடை என்பது இரண்டு கணக்குக்கும் பொருந்தும். இதை வைத்து ராசாவைப் பிடிக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

மீனாச்சிவீடு

சேர், ஒரு சந்தேகம். மீனாச்சி இதற்கு முதல் இரண்டு தடவை போட்ட ஏழு குட்டிகளும் கட்டை மயிர்தான். ஒளித்து வைத்திருந்தாள் என்றால் அப்போதே ஒன்றாவது வந்திருக்க வேண்டாமா?

உவர்மலைவாத்தி

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் விழுகிற குழி இது. நாலில் ஒன்று என்றால் நாலாவது பிள்ளை கட்டாயம் சடை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒளித்து வைத்திருந்தாலும், நான்கு குட்டிகளும் கட்டையாகவே பிறக்க 256இல் 81 வாய்ப்பு இருக்கிறது, அதாவது நூற்றுக்கு 32 அளவில். ஏழும் கட்டையாக வர நூற்றுக்கு 13. குறைவுதான், ஆனால் நடக்கக்கூடியது.

முந்தின தகப்பன்மாரிடம் சடையே இல்லை என்றால் இந்தக் கணக்கும் தேவையில்லை. மீனாச்சி எத்தனை தடவை போட்டாலும் ஏழும் கட்டைதான், எழுபதும் கட்டைதான்.

கச்சான்காத்து

அப்போ சூடை மீனுக்கு ஒரு பங்கும் இல்லையா?

பேராதனைப்பிள்ளை

சொந்த ஊர் திருகோணமலை, இப்போது பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன். மீனுக்குப் பங்கு மினுக்கத்தில் மட்டும்தான் அண்ணன். நல்ல புரதமும் கொழுப்பும் கிடைத்தால் மயிர் பளபளக்கும், கிடைக்காவிட்டால் சொரசொரத்து உதிரும். எவ்வளவு நீளத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறு இடம்.

அந்த இடத்துக்கு எஃப்.ஜி.எஃப்.5 என்று பெயர், நீள்பெயர் நமக்கு வேண்டாம். பூனையின் பி1 என்ற நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிற பரம்பரை அலகு (ஜீன்). மயிர் ஒரே சீராக வளர்ந்துகொண்டே போவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்சக் காலம் வளரும், பிறகு சுருங்கும், ஓய்ந்து கிடக்கும், உதிரும், மறுபடி தொடங்கும். வளர்ச்சிக் காலம் முடிந்தது என்று மணி அடிப்பதுதான் எஃப்.ஜி.எஃப்.5 உண்டாக்கும் புரதத்தின் வேலை. மணி பழுதானால் மயிர் நேரம் போவது தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கும். நீளமாக்குகிற சக்தி என்று தனியாக ஒன்று இல்லை, நிறுத்துகிற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சேர் சொன்ன பின்னிடைவுக்கும் காரணம் இதுதான். ஒவ்வொரு பூனையிடமும் இந்த அலகின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற ஆட்கள் இருவரில் ஒருவர் லீவு என்றாலும் மற்றவர் அடித்துவிடுவார், பிள்ளைகள் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இருவரும் வராத நாளில்தான் பள்ளிக்கூடம் விடாது.

2007இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைப் பூனையில் கண்டுபிடித்தன. சுவாரசியம் என்னவென்றால் பழுது ஒன்றல்ல, நான்கு. ஒன்று எல்லாச் சடை இனங்களிலும் இருக்கிறது. அதில், அலகை எழுதியிருக்கிற டி.என்.ஏ. எழுத்துக்களில் 475ஆவது மட்டும் மாறியிருக்கும். மற்ற மூன்றும் ராக்டோல், மெய்ன் கூன், நோர்வேக் காட்டுப் பூனை ஆகிய இனங்களில் அகப்பட்டவை. ஒரு பூனைக்குத் தாயிடமிருந்து ஒரு விதமான பழுதும் தகப்பனிடமிருந்து வேறு விதமான பழுதும் வந்தாலும் அது சடையாகவே இருக்கும். ஒருவர் காய்ச்சலால் வரவில்லை, மற்றவர் பஸ் கிடைக்காமல் வரவில்லை, மணி எப்படியும் அடிக்காது.

கிண்ணியாத்தம்பி

நாய்க்கும் இதே கதையா? எங்கட உம்மாட ஆடுகளிலும் ஒன்று சடையாக நிற்கிறது.

பேராதனைப்பிள்ளை

நாய்க்கும் இதே அலகுதான், 2006இல் வெளியானது. அதற்கும் முதல் 1994இல் சுண்டெலியில் பிடித்தார்கள். எஃப்.ஜி.எஃப்.5 இல்லாத எலி அங்கோரா எலி ஆகிவிட்டது. மனிதரிலும் உண்டு, இது பழுதான குடும்பங்களில் கண் இமை மயிர் அசாதாரண நீளத்துக்கு வளர்கிறது என்று 2014இல் எழுதினார்கள். உம்மாவின் ஆட்டைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

துறைமுகத்தார்

பிள்ளைகள், நான் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் எழுத்துக்களையெல்லாம் படித்தேன். எனக்கு ஒரு எண்ணம். இந்தச் சடை நம்மூர்ப் பூனைக்கு இயல்பானதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் உள்துறைமுகம் நிறையக் கப்பல்கள் கிடந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்துக் கதைகளை என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கப்பலில் எலி பிடிக்கப் பூனை வைத்திருப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பூனைகள் இறங்கி ஊர்ப் பூனைகளோடு சேர்ந்து விட்டுப்போன வித்துத்தான் உங்கள் பஞ்சு. குளிர் நாட்டுப் பூனைக்குத்தானே சடை தேவை? நம்முடைய கச்சான் காற்றில் எந்தப் பூனைக்குச் சடை வேண்டும்?

உவர்மலைவாத்தி

ஐயா, கப்பல் கதை எனக்கும் பிடித்திருக்கிறது. நடந்திருக்கவும் கூடும். ஆனால் பஞ்சுவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வழியில்லை. 475ஆவது எழுத்து மாறிய பழுது எல்லாச் சடை இனங்களிலும் இருக்கிறது என்றால், இனங்கள் பிரிக்கப்படுவதற்கு முன்னமே அது தோன்றிப் பரவியிருக்க வேண்டும். எப்போது, எந்தக் கப்பலில் நம் கரைக்கு வந்தது என்று அந்த எழுத்தில் முத்திரை குத்தியிருக்காது. ஒல்லாந்தர் கப்பலாக இருக்கலாம், அராபியர் கப்பலாக இருக்கலாம், போன வருடம் கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸாகவும் இருக்கலாம்.

இனி "தேவை" என்ற பேச்சு. குளிர் நாட்டில் சடை உள்ள பூனை பிழைத்திருக்க வசதி கூடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வெயில் நாட்டில் அந்த எதிருரு அழிந்துவிடாது. மீனாச்சியிடம் இருப்பது மாதிரி ஒற்றையாக இருக்கும்வரை அதை வெயில் என்ன செய்யும்? அவளுக்கு மயிர் கட்டைதானே. வெளியே தெரியாததை வெயிலும் பார்க்காது, மாமாவும் பார்க்கமாட்டார். தலைமுறை தலைமுறையாக ஒளிந்தபடியே போகும்.

பேராதனைப்பிள்ளை

துறைமுகத்து ஐயாவுக்காக ஒரு துணுக்கு. வெப்பம் பூனை மயிரில் கை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, நீளத்தில் அல்ல, நிறத்தில். சியாமீஸ் பூனைக்கு முகம், காது, கால், வால் மட்டும் கறுத்திருக்குமே, அதன் நிறமி நொதியம் உடம்பின் சூடான இடங்களில் வேலை செய்யாது, குளிர்ந்த ஓரங்களில் மட்டும் செய்யும். அதே சியாமீஸுக்குச் சடை வந்தால் அந்த இனத்துக்குப் பாலினீஸ் என்று பெயர்.

கிண்ணியாத்தம்பி

கப்பல் வரை போகத் தேவையில்லை. எங்கட சாச்சா ஒரு பாரசீகக் கடுவன் வைத்திருந்தார், அது ஒரு பெருநாள் சத்தத்தில் ஓடி ஒரு மாதம் கழித்து மெலிந்து திரும்பி வந்தது. அந்த ஒரு மாதத்தில் கிண்ணியாவில் எத்தனை வீட்டுக் கிணற்றடியில் நின்றதோ.

உவர்மலைவாத்தி

இதுதான் எனக்கும் கிட்டத்தில் தெரியும் வழி. தாய்ப்பூனைகளிடம் சடை ஒளிந்திருக்கவில்லை என்றால் அந்தக் கடுவன் பெற்ற குட்டிகள் எல்லாம் கட்டை மயிராக இருந்திருக்கும், ஆனால் ஒன்று விடாமல் எல்லாமே சடையைச் சுமந்தவை. பேரப்பிள்ளைகளில் பாதி சுமந்திருக்கும். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

பேராதனைப்பிள்ளை

அக்கா, மயிர் நீளத்தை வைத்து ராசாவைப் பிடிக்க முடியாது என்று சேர் சொன்னது சரி. ஆனால் நிறம் பேசும். ராசாவின் நிறம் என்ன? நான்கு குட்டிகளும் என்ன நிறம், எது கடுவன், எது பெட்டை? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மீனாச்சிவீடு

ராசா செவலை. நல்ல பழுத்த பப்பாசி நிறம்.

குட்டிகளில் இரண்டு சாம்பல் வரி, கட்டை மயிர், கடுவன்கள். மூன்றாவது பெட்டை, கறுப்பும் செவலையும் கலந்து தெளித்தது மாதிரி, கட்டை மயிர். அதை நாங்கள் சுண்டல் என்று கூப்பிடுகிறோம். பஞ்சு தாயைப் போலச் சாம்பல் வரி, நான்கு காலுக்கும் வெள்ளைச் சப்பாத்து. கடுவன்.

உவர்மலைவாத்தி

அடடா. பஞ்சு மட்டும் பெட்டையாக இருந்திருந்தால் இன்றைக்கே வழக்கு முடிந்திருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். பூனையின் செவலை நிறம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. 2025இல்தான் அதன் சரியான இடத்தை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. அந்த எக்ஸில் ஏறத்தாழ 5,000 எழுத்து நீளமான துண்டு ஒன்று காணாமல் போயிருக்கும். பெட்டைக்கு இரண்டு எக்ஸ், கடுவனுக்கு ஒன்று. ராசாவிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அது செவலை எக்ஸ். மகள் பிறந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், வேறு கொடுக்க அவனிடம் இல்லை. மகனுக்கு எக்ஸ் கொடுப்பதே இல்லை, வை கொடுப்பான். மகனின் எக்ஸ் தாயிடமிருந்து வருவது.

ஆகவே ராசாவின் மகள் ஒவ்வொருத்தியிலும் செவலை தெரிய வேண்டும். மீனாச்சியிடம் செவலை இல்லாததால் மகள்மார் கறுப்பும் செவலையும் கலந்து வருவார்கள், உங்கள் சுண்டலைப் போல. ராசாவின் மகன்களோ தாயின் நிறத்தில் வருவார்கள். பஞ்சு கடுவன் என்றால் அவன் நிறம் தகப்பனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பேராதனைப்பிள்ளை

அக்கா, பஞ்சு கடுவன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சடைக்குட்டியில் பின்பக்கம் முழுக்க மயிர் மூடியிருக்கும், ஒன்பது கிழமையில் அனுபவக்காரரே ஏமாறுவார்கள். வாலைத் தூக்கி மயிரை ஈரத் துணியால் ஒதுக்கிப் பாருங்கள். மலவாயிலுக்குக் கீழே ஒட்டினாற்போல ஒரு சிறு கோடு இருந்தால் பெட்டை. கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு வட்டப் புள்ளி, நடுவில் மெல்லிய மேடு என்றால் கடுவன். பக்கத்தில் ஒரு கடுவன் குட்டியையும் பிடித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் பிழைக்காது.

கச்சான்காத்து

இன்றைக்கு இரவு நான் நித்திரை கொள்ளமாட்டேன்.

மீனாச்சிவீடு

எல்லோருக்கும் வணக்கம். பார்த்தாயிற்று.

கிணற்றடியில் அம்மா குந்தியிருந்து பஞ்சுவை மடியில் கவிழ்த்துப் பிடித்தார், நான் தொலைபேசி லைட்டை அடித்தேன், தம்பி சாம்பல் கடுவனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். பஞ்சு பெட்டை. சந்தேகமே இல்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. பிறந்த கிழமை அப்பா பார்த்துக் கடுவன் என்று சொன்னதை ஒன்பது கிழமை நம்பியிருக்கிறோம். அப்பா இப்போது பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறார்.

உவர்மலைவாத்தி

கை கொடுங்கள் தங்கச்சி! இனி ஒன்றே ஒன்று. சில கலப்பு நிறப் பெட்டைகளில் செவலை மிகக் கொஞ்சமாக, ஒரு பொட்டளவில் மட்டும் இருக்கும். பெட்டையின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிப் போகிறது, எது அடங்கும் என்பது அந்தந்த இடத்துக் குலுக்கல். குலுக்கலில் செவலை எக்ஸ் பெரும்பாலான இடங்களில் அடங்கிப் போயிருக்கலாம். அதனால் நெற்றி, நாடி, கால் விரல் இடுக்கு, வால் நுனி என்று உடம்பு முழுக்கத் தேடுங்கள். வெள்ளை மயிருள்ள இடத்தில் எந்த நிறமும் தெரியாது, ஆனால் பஞ்சுவுக்கு வெள்ளை சப்பாத்தளவில் மட்டும் என்பதால் அது பெரிய தடையில்லை.

மீனாச்சிவீடு

இன்று பின்னேரம் மறுபடி கிணற்றடி நாடகம். சீப்பால் வகிடு எடுத்து வகிடு எடுத்துப் பார்த்தோம். முதுகில் ஒவ்வொரு மயிரும் அடியில் வெளிறல், நடுவில் கறுப்பு, நுனியில் பழுப்பு என்று பட்டை பட்டையாக இருக்கிறது. இதைச் செவலை என்று எடுக்கக் கூடாதுதானே? மீனாச்சிக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பிறகு அம்மா "இந்தா மஞ்சள்!" என்று கத்தினார். நாடிக்குக் கீழே, வெள்ளையும் சாம்பலும் சேருகிற இடத்தில் விரல் நகம் அளவு மஞ்சள் பொட்டு. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மோந்து பார்த்தேன். மத்தியானத்துப் பாரைக் குழம்பு. ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது.

வேறு ஒரு பொட்டும் இல்லை.

உவர்மலைவாத்தி

நுனிப் பழுப்பு வரிப்பூனைக்குரியது, செவலை இல்லை. அப்படியானால் தீர்ப்பு: பஞ்சுவின் தகப்பன் ராசா அல்ல. எந்தச் செவலைக் கடுவனும் அல்ல. செவலையில்லாத ஒருவன், சடையை வெளியிலோ உள்ளேயோ வைத்திருந்தவன்.

அதோடு இன்னொன்றும் வருகிறது. சுண்டலுக்குச் செவலை தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. ஆகவே அவளுடைய தகப்பன் ஒரு செவலைக் கடுவன். உங்கள் ஒழுங்கையில் ராசாவை விட வேறு செவலை உண்டா?

மீனாச்சிவீடு

எனக்குத் தெரிய இல்லை. மே மாதம் ராசா மூன்று நாள் வீட்டுக்கு வராமல் மாமி ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுத் திரிந்தது எல்லோருக்கும் தெரியும். நாள் கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் சேர், ஒரே பிரசவத்தில் இரண்டு தகப்பனா?

பேராதனைப்பிள்ளை

பூனையில் இது சர்வசாதாரணம். பெட்டைப் பூனைக்கு முட்டை வெளியாவதே இணைசேர்தலின் தூண்டலால்தான். இணைவெறி இருக்கிற அந்த நாலைந்து நாளும் வருகிற கடுவன்களோடெல்லாம் சேரும். ஒரு முட்டையை ஒருவன் கருக்கட்டுவான், பக்கத்து முட்டையை இன்னொருவன். ஏறத்தாழ ஒன்பது கிழமை கழித்து எல்லாம் ஒரே பெட்டியில் பிறக்கும். மூன்று தகப்பன்கூட இருக்கலாம்.

கச்சான்காத்து

மீனாச்சியின் தனிப்பட்ட வாழ்க்கையை இத்தனை பேர் கூடி ஆராய்வது சரியா என்று யோசிக்கிறேன். யோசித்துக்கொண்டே தொடர்ந்து படிக்கிறேன்.

ஆக மாமா தன் ரத்தம் என்று கேட்கும் குட்டி அவருடையதல்ல. அவர் திரும்பியும் பார்க்காத சுண்டல்தான் அவருடைய பேத்தி. இதை நாடகமாகவே போடலாம்.

துறைமுகத்தார்

பிள்ளை, அப்போ பஞ்சுவின் தகப்பன் யார்?

மீனாச்சிவீடு

ஐயா, அம்மா ஒருவனைச் சந்தேகப்படுகிறார். மீன் விற்கிறவரின் சைக்கிளுக்குப் பின்னால் தினமும் வருகிற சாம்பல் கடுவன், ஒரு காது கிழிந்தவன். கட்டை மயிர்தான். சேர் சொன்ன மாதிரி ஒளித்து வைத்திருக்கிறவனாக இருக்கலாம். பெட்டி நிறைய மீனைச் சுற்றித் திரிகிறவனுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது.

பேராதனைப்பிள்ளை

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து அனுப்பினால் சடை எதிருருவைப் பார்த்துச் சொல்லும் ஆய்வுகூடங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலேயே செய்கிறார்கள். ஆனால் காது கிழிந்த ஆளின் வாயைத் திறக்க நான் வரமாட்டேன்.

நிலாவெளிநண்டு

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். என்னிடமும் ஒரு சடைப்பூனை இருக்கிறது. இந்த வெயிலுக்கு அதை மொட்டை அடித்துவிடலாமா? தேங்காய் எண்ணெய் பூசினால் சிக்கு எடுபடும் என்று ஒருவர் சொன்னார்.

பேராதனைப்பிள்ளை

எண்ணெய் வேண்டாம். பூசியதையெல்லாம் நக்கி வயிற்றால் போகும், மிச்சத்தில் கடற்கரை மணல் ஒட்டும். தோல் தெரிய மழிக்கவும் வேண்டாம், வெயில் நேரே தோலில் படும், வெள்ளைப் பூனை என்றால் இன்னும் மோசம். பல் அகன்ற இரும்புச் சீப்பால் நாளுக்கு ஐந்து நிமிடம் வாருங்கள். சிக்கு விழுகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், கமக்கட்டில், பின் தொடையில். அந்த இடங்களில் உண்ணியும் ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். இறுகிப்போன சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம், அதை மிருக வைத்தியரிடமே விடுங்கள்.

அக்கா, பஞ்சுவைச் சின்னதிலேயே சீப்புக்குப் பழக்கிவிடுங்கள். பாரசீகம் அளவுக்கு அடர்த்தி வராது என்று நினைக்கிறேன். எஃப்.ஜி.எஃப்.5 சடையா கட்டையா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு நீளம், உள்மயிர் எவ்வளவு என்பதில் வேறு பல அலகுகள் கைவைக்கின்றன.

மாமாவிடம் போனால் இன்னொன்றும் சொல்லுங்கள். ராசாவை வைத்து இனப்பெருக்கம் செய்கிற எண்ணம் இருந்தால் முதலில் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்க்கட்டும். பாரசீகப் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் ஒன்று பரவலாக உண்டு. அதற்குக் காரணமான பரம்பரை அலகுப் பழுதை 2004இல் கண்டுபிடித்தார்கள். அது சடையைப் போல ஒளியாது, ஆட்சியானது, ஒரு பிரதி வந்தாலே போதும்.

மீனாச்சிவீடு

நேற்று மாமா வீட்டுக்குப் போய்வந்தோம். சேர் எழுதியதைக் கொப்பியில் கட்டம் போட்டு எடுத்துப் போனேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "செவலை மகளுக்குக் கட்டாயம் வருமோ?" என்றார். வரும் என்றேன். "மகனுக்கு வராதோ?" தகப்பனிடமிருந்து வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இணையத்தில் நாலு பேர் சொல்வதை வைத்து நியாயம் பேசுகிறோம் என்று கோபப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிறுநீரகக் கதையை மாமியிடம் சொன்னேன். அவர் அடுத்த கிழமை ராசாவைக் கொண்டுபோகிறேன் என்றார்.

இன்று காலை மாமி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுண்டலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நெற்றியில் இருக்கிற செவலைக் கோட்டைப் பெருவிரலால் தடவினார். "இதைத் தருவீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். அம்மா கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் மதிலுக்கு மேலால் மாமாவின் தலை. ராசாவின் பழைய இரும்புச் சீப்பைப் பஞ்சுவுக்கு என்று நீட்டினார். அதோடு ஒரு கேள்வியும்: சுண்டலுக்கு எப்போதாவது சடை வருமா?

உவர்மலைவாத்தி

வராது. ஆனால் ராசாதான் தகப்பன் என்றால் அவள் சடையைச் சுமக்கிறாள், அதில் சந்தேகமில்லை. மாமாவிடம் இந்தப் பாதியைச் சொல்லாதீர்கள், ராசாவோடேயே சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும்.

மீனாச்சிவீடு

வந்துவிட்டது சேர். அப்பாவும் மகளும் என்று சொல்லி மாமி கதவைச் சாத்திவிட்டார். சுண்டலுக்கும் மீனாச்சிக்கும் ஒன்றாகவே கருத்தடை செய்விக்க நாள் கேட்டிருக்கிறோம்.